ஒட்டுசுட்டானுக்கு எந்த நீச்சல் தடாகம்: 50 மீற்றரா, 25 மீற்றரா, குளத்தங்கரையா?

வன்னியில் பிறந்த பிள்ளைக்கு நீர் புதிதன்று. வடக்கே இரணைமடு, மேற்கே வவுனிக்குளம், நடுவே முத்தையன்கட்டு, தென்கிழக்கே தண்ணிமுறிப்பு என்று குளங்களை வைத்தே எங்கள் ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடலாம். கிழக்கே நந்திக்கடலும் நாயாறும் கொக்கிளாயும், அவற்றுக்கு அப்பால் பெருங்கடலும் இருக்கின்றன. வயலும் தோட்டமும் மீன்பிடியும் இந்த நீரை நம்பியே நடக்கின்றன. ஆயினும் இந்த நீரின் நடுவே வளரும் பிள்ளைகளுக்கு முறையாக நீந்தக் கற்றுக்கொடுக்க ஓர் இடமும் ஓர் ஆசிரியரும் வேண்டும் என்பதை, பாடசாலைக்குக் கட்டடமும் மைதானத்துக்கு மதிலும் கேட்ட அளவுக்கு நாம் கேட்டதில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானை மையமாகக் கொண்டு ஒரு சமூக நீச்சல் தடாகம் அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள். தடாகம் வேண்டும் என்று சொன்னதும் எப்படிப்பட்ட தடாகம் என்ற கேள்வி எழுகிறது. ஒருவர் கட்டுவதானால் சர்வதேச அளவில் 50 மீற்றரில் கட்ட வேண்டும் என்பார். இன்னொருவர் குளம் இருக்கத் தடாகம் எதற்கு, கரையோரத்தில் வேலி போட்டுப் பழக்கலாமே என்பார். வேறொருவர் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதே மலிவு என்பார். ஒவ்வொரு பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்த்தால், ஆறு தடங்களும் ஆழம் குறைந்த ஒரு முனையும் கொண்ட 25 மீற்றர் பயிற்சித் தடாகமே எமது ஊர்களுக்குப் பொருந்தும் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும், அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில், தடாகம் யாருக்கு என்பது தெளிவாக வேண்டும். பதக்கம் வெல்லக்கூடிய பத்துப் பிள்ளைகளுக்கா, அல்லது தரம் 4, 5 இல் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமா? உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் கற்றுக்கொடுப்பது, அந்த ஸ்தாபனம் உயிர்களைக் காக்கப் பரிந்துரைக்கும் வழிகளில் ஒன்று. எங்களுக்கு இது தூரத்துச் செய்தி அன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சின்னாபின்னமாக்கியது. 2018 டிசம்பரில் பெய்த பெருமழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியபோதும் வன்னி தப்பவில்லை. பெருவெள்ளத்தில் நீச்சல் மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. நீருக்குள் விழுந்தவுடன் பதறாமல் மிதக்கத் தெரிந்தவருக்குக் கயிறு வந்து சேரும்வரை சில நிமிடங்கள் கிடைக்கும் என்றே சொல்கிறேன்.

பெருவெள்ளத்தை விடுவோம். நாளாந்தம் பிள்ளைகள் நீரில் இறங்கும் இடங்களைப் பார்த்தாலே போதும். சிறுபோகம் என்ற கோடைகால நெற்செய்கைக்கு நீர் திறந்துவிட்டிருக்கும் காலத்தில், குளத்தின் மதகான துருசுக்குக் கிட்ட நின்று பாருங்கள். மேற்பரப்பு அசையாமல் கிடப்பது போலிருக்கும். ஒரு வேப்பிலையைப் போட்டால் அது சற்றுநேரம் நின்ற இடத்தில் நின்று, பிறகு மெல்ல வட்டமிட்டுத் துருசை நோக்கி நகரும். அடியில் இழுக்கும் நீரின் வலு அவ்வளவுதான் மேலே தெரியும். கரையில் நின்று குதிக்கும் பையன்களுக்கு அது தெரியாது. கிரவல் அள்ளிய கிடங்குகள் இதைவிட மோசமானவை: மாரியில் நிரம்பியதும் சாதாரணக் குட்டைபோலத் தோன்றும், ஆனால் கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் கால் எட்டாது, ஏறிவர விளிம்பும் நில்லாது. இவற்றுக்கெல்லாம் வேலி அடைத்துத் தீராது. பிள்ளைக்கு நீரைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: ஒரு பிள்ளை தரம் 5 ஐ முடிக்கும்போது 25 மீற்றர் தூரம் நிற்காமல் நீந்தவும், கால் எட்டாத நீரில் ஒன்றரை நிமிடம் மிதந்து நிற்கவும், மூழ்கும் ஒருவருக்குத் தானும் குதித்துவிடாமல் கரையில் நின்று கம்போ கயிறோ நீட்டவும் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் திட்டம் இந்த நிலைக்கு அதிக பிள்ளைகளைக் கொண்டுவருகிறதோ, அத்தோடு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் மூடப்படாமல் இயங்குமோ, அதுவே எமக்கு உகந்தது.

50 மீற்றர் தடாகத்தை விரும்புகிறவர்களின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஒலிம்பிக் போட்டி நடப்பது 50 மீற்றரில். கொழும்பின் சுகததாச தடாகமும் அந்த அளவுதான். குறுந்தடாகத்தில் மட்டும் பழகிய பிள்ளை நெடுந்தடாகத்தில் நீந்தும்போது, வழக்கமாகச் சுவரை உதைத்துத் திரும்பும் இடத்தில் சுவர் இராது. அந்த நடுத்தூரத்தில் அதன் வேகம் விழுந்துவிடும். தெற்கில் உள்ள பிள்ளைக்குக் கிடைப்பது வன்னிப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்ற கேள்வியில் இருக்கும் தன்மானமும் எனக்கு விளங்குகிறது. இத்தனை ஆண்டுகள் அரைகுறைகளைப் பெற்றுப் பழகிய மக்கள், இந்த முறையாவது முழுமையாக ஒன்று வேண்டும் என்று கேட்பதில் பிழை இல்லை.

ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. 50 மீற்றர் நீளமும் 25 மீற்றர் அகலமும் 2 மீற்றர் ஆழமும் கொண்ட தடாகம் 25 லட்சம் லீற்றர் நீர் கொள்ளும். 25 மீற்றர் நீளமும், தடத்துக்கு இரண்டரை மீற்றர் வீதம் ஆறு தடங்களுக்கு 15 மீற்றர் அகலமும், ஒரு முனையில் 1 மீற்றரும் மறுமுனையில் 1.8 மீற்றரும் ஆழமும் கொண்ட தடாகத்துக்கு ஏறத்தாழ ஐந்தேகால் லட்சம் லீற்றர் போதும். 10,000 லீற்றர் பவுசரால் நிரப்புவதானால் முன்னையதற்கு 250 நடை, பின்னையதற்கு 53 நடை. வைகாசி, ஆனி மாதக் காற்றிலும் வெயிலிலும் நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் ஆவியாகும் என்று கொண்டால், பெரிய தடாகம் தினமும் 7,500 லீற்றரை இழக்கும். சிறியது 2,250 லீற்றரை இழக்கும். குடிநீருக்குப் பவுசரை எதிர்பார்த்துக் குடங்களோடு மக்கள் காத்து நிற்கும் ஊர்கள் உள்ள மாவட்டத்தில், கோடையில் தினமும் 7,500 லீற்றரைத் தடாகத்தில் ஊற்றுகிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வோம்?

நீரைவிட மின்சாரம் பெரிய சுமை. தடாக நீர் முழுவதும் நான்கிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வடிகட்டி வழியாகச் சுற்றிவர வேண்டும். ஐந்து மணித்தியாலம் என்று வைத்தால், சிறிய தடாகத்தின் பம்பி மணிக்கு 105 கனமீற்றரும், பெரிய தடாகத்தினது 500 கனமீற்றரும் இறைக்க வேண்டும். மின்கட்டணமும் குளோரின் செலவும் ஏறத்தாழ அதே ஐந்து மடங்கில் ஏறும். 2022 இல் நாடு நாளுக்குப் பல மணித்தியாலம் இருளில் கிடந்ததை மறந்துவிடக் கூடாது. பம்பி நின்ற தடாகம் எமது வெயிலில் இரண்டு மூன்று நாட்களில் பச்சை பிடித்துவிடும். ஒருமுறை பாசி பிடித்து, வடிகட்டி இறுகி, மூடப்பட்ட தடாகத்தைத் திரும்பத் திறக்க ஒதுக்கீடு பெறுவது புதிதாகக் கட்டப் பணம் பெறுவதைவிடக் கடினம். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பராமரிப்புக்கு வருவதில்லை.

இன்னொன்று. போட்டித் தடாகம் முழுவதும் 2 மீற்றர் ஆழமாக இருந்தால், ஒன்பது வயதுப் பிள்ளை அதில் எங்கேயும் கால் ஊன்ற முடியாது. நாங்கள் யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்களே இறங்க முடியாத தடாகமாக அது முடியும்.

குளத்திலேயே பழக்கலாம் என்ற வாதம், என் பார்வையில், 50 மீற்றர் வாதத்தைவிட வலுவானது. அதற்கு ஆதாரமும் உண்டு. வங்காளதேசத்தில் கிராமத்துக் குட்டைகளில் மூங்கிலால் மேடை அமைத்து, நீருக்குள் அடித்தளமும் சுற்றிவரத் தடுப்பும் போட்டு, உள்ளூர் இளைஞர்களையே பயிற்றுநர்களாக்கி, பெரும் எண்ணிக்கையான பிள்ளைகளுக்கு உயிர்காப்பு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். அங்கும் 25 மீற்றர் நீந்துவதே தேர்ச்சியின் அளவு. பயிற்சி பெற்ற பிள்ளைகள் மூழ்கி இறப்பது மிகப் பெருமளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. பெரிய கட்டடமோ பம்பியோ வெளிநாட்டு வடிகட்டியோ தேவைப்படவில்லை. காசில்லாத ஓர் ஊர் நாளைக்கே தொடங்கக்கூடிய வழி இது ஒன்றுதான். தடாகம் கிடைக்கும்வரை கைகட்டிக் காத்திருக்கச் சொல்லி நான் எவருக்கும் ஆலோசனை கூற மாட்டேன்.

என்றாலும் வங்காளதேசத்து வீட்டுக்குட்டை வேறு, முத்தையன்கட்டு வேறு. எமது குளங்கள் பாசனக் குளங்கள். மார்கழியில் நிரம்பி வழிந்து வான் பாயும் குளம், சிறுபோகம் முடிந்து ஆவணி, புரட்டாதியில் பார்க்கும்போது அலைகரையிலிருந்து நெடுந்தூரம் வற்றிப் பின்வாங்கியிருக்கும். தை மாதத்தில் இடுப்பளவு நீரில் நிற்கும் மேடை புரட்டாதியில் வெடித்த சேற்றில் நிற்கும். மிதக்கும் மேடை செய்தால் அது நீரோடு ஏறி இறங்கும், ஆனால் அடித்தளம் ஒவ்வொரு மாதமும் மாறும். எங்கள் குளங்களில் முதலை உண்டு என்பதை வன்னி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாமரைக் கொடியும் நீர்த்தாவரங்களும் காலைச் சுற்றும். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், கமக்காரர் அமைப்புகளின் சம்மதம் வேண்டும். நீர் திறக்கும் நாட்களைத் தீர்மானிப்பது வயலின் தேவை, நீச்சல் வகுப்பின் தேவை அன்று. அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படும் குறை, குளத்து நீரின் கலங்கல். உயிர்காப்பாளர் கரையில் நின்று பார்க்கும்போது நீரின் அடித்தரை தெரிய வேண்டும் என்பது தடாகப் பாதுகாப்பின் முதல் விதி. மூழ்கும் பிள்ளை சத்தமிடாது. கையை வீசிக் கூப்பிடாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வர, அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் அமைதியாகக் கீழே போய்விடும். தெளிந்த நீரில் அந்தப் பிள்ளையை உடனே தூக்கலாம். செம்மண் கரைந்த குளத்து நீரில், மூன்றடி ஆழத்தில் கிடக்கும் பிள்ளையைக்கூடக் காண முடியாது. இருபத்துநான்கு பிள்ளைகளை ஒரே நேரத்தில் இறக்கிக் கற்பிக்கும் வகுப்புக்கு இது ஏற்க முடியாத ஆபத்து.

கற்பிக்கும் முறையும் தெளிந்த, அசையாத நீரைக் கேட்கிறது. மல்லாந்து மிதக்கப் பழக்கும் முதல் பாடத்தைப் பாருங்கள். ஆசிரியரின் உள்ளங்கை பிள்ளையின் முதுகுக்குக் கீழே இருக்கும். காது நீருக்குள் போனவுடன் பிள்ளை பயந்து கழுத்தை விறைத்துத் தலையைத் தூக்கும். தலை தூக்கினால் இடுப்பு தாழும். இடுப்பு தாழ்ந்தால் கால் கீழே போகும். முகத்தில் நீர் அடிக்கும். மேலே வானத்தைப் பார், வயிற்றை மேலே தள்ளு என்று திரும்பத் திரும்பச் சொல்லி, பிள்ளையின் கழுத்துத் தளர்ந்ததும் ஆசிரியர் கையை ஒரு விரலளவு கீழே எடுப்பார். பிள்ளைக்குத் தெரியாது, அது மிதந்துகொண்டிருக்கும். ஓர் ஆசிரியர் ஆறு பிள்ளைகளுக்கு மேல் இப்படிப் பார்க்க முடியாது. காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாத நீரில் பிள்ளையின் கழுத்து தளரவும் மாட்டாது.

பெண்பிள்ளைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். குளக்கட்டில் நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கலாம். பருவமடைந்த பிள்ளையை அங்கே நீச்சல் உடையில் இறக்க எமது தாய்மார் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். சுற்றுமதிலும், பூட்டக்கூடிய உடைமாற்றும் அறையும், பெண் ஆசிரியையும், பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரமும் இல்லாத எந்தத் திட்டமும் பாதிப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடும். குளத்தங்கரைத் திட்டம் நடைமுறையில் ஆண்பிள்ளைகளின் திட்டமாகவே முடியும் என்பதுதான் நான் அதை முதன்மையாக ஏற்காததற்குக் கடைசிக் காரணம், ஆனால் கனத்த காரணம்.

பாக்குநீரிணையை 1954 இல் நவரத்தினசாமியும், 1971 இல் போய்த் திரும்பிக் குமார் ஆனந்தனும் நீந்திக் கடந்தார்களே, அவர்கள் தடாகமா கேட்டார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். வடக்கின் நீச்சல் வரலாற்றில் அவர்களின் பெயர் என்றும் நிற்கும். ஆனால் அவர்கள் வடமராட்சிக் கடலோடு வளர்ந்தவர்கள். அலைவாய்க்கரையே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். முத்தையன்கட்டு இடதுகரையிலோ கூழாமுறிப்பிலோ வளரும் பிள்ளைக்கு அந்தக் கடலும் இல்லை, அதைத் தெரிந்த மாமன்மாரும் இல்லை. அரிய மனிதரின் சாதனையைக் காட்டிச் சாதாரணப் பிள்ளைக்கு வேண்டியதை மறுப்பது நியாயமாகாது.

பஸ்ஸில் கொண்டுபோகும் யோசனையை நீட்டிப் பேசத் தேவையில்லை. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் போய் ஏ9 வீதியில் ஏறி யாழ்ப்பாணம் சேர நூறு கிலோமீற்றருக்கு மேல். நாற்பது நிமிட வகுப்புக்கு ஒரு பாடசாலை நாள் முழுவதும் போய்விடும். நீச்சல் ஒருநாள் சுற்றுலாவில் வருவதன்று. வாரத்துக்கு இரண்டு முறையாவது, ஒரு தவணை முழுவதும் உடம்பு நீரில் இருக்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் தடித்த படங்கு கட்டி நிரப்பும் தற்காலிகத் தடாகங்களும் உண்டு. வியட்நாமிலும் வங்காளதேச நகரங்களிலும் அவற்றைப் பாடசாலை முற்றத்தில் வைத்துக் கற்பித்திருக்கிறார்கள். கட்டுமானம் முடியும்வரை ஓரிரு பாடசாலைகளில் வைத்துத் தொடங்க அது உதவும். ஆனால் எமது வெயிலில் படங்கு நெடுநாள் தாங்காது, விளையாட்டுப் பயிற்சிக்கு அதில் இடமும் இல்லை.

இனி 25 மீற்றர் தடாகத்துக்கு வருவோம். ஒரு வகுப்பில் நான்கு ஆசிரியர்கள், ஆளுக்கு ஆறு பிள்ளைகள் என்று 24 பேர். பாடசாலை நாளில் ஐந்து வகுப்புகள் நடத்தினால் நாளுக்கு 120 இடங்கள், ஐந்து நாட்களுக்கு 600. ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்கு இரண்டு முறை வந்தால் ஒரு தவணையில் 300 பிள்ளைகள். மூன்று தவணையில் 900 பிள்ளைகள். பத்து வாரத்தில் இருபது பாடம் பெற்ற பிள்ளை நான் மேலே சொன்ன அளவை எட்டும் என்று எதிர்பார்ப்பது மிகையன்று. ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, நெடுங்கேணி, மாங்குளம் ஆகிய நான்கு பக்கமும் வீதி இருப்பதால், அந்த 900 பிள்ளைகளும் ஒரே ஊராராக இருக்கத் தேவையில்லை. பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு விளையாட்டுக் கழகங்களின் போட்டிப் பயிற்சி. கிழமையில் இரண்டு மாலை பெண்களுக்கு மட்டும்.

விளையாட்டுக்கு இது குறைந்த தடாகம் என்று எண்ணிவிடக் கூடாது. 25 மீற்றர் குறுந்தடாகப் போட்டிகளுக்கு உலகச் சாம்பியன் போட்டியே உண்டு. சாதனைகளும் தனியாகப் பதியப்படுகின்றன. பாயும் மேடை வைக்க அந்த முனையில் 1.35 மீற்றர் ஆழம் இருந்தால் விதிக்குப் போதும். எமது ஆழமான முனை 1.8 மீற்றர். வட்ட, வலய, மாவட்டப் போட்டிகளை இதில் நடத்தலாம். அங்கிருந்து மேலெழும் பிள்ளைகள் சிலரை ஆண்டில் சில வாரம் நெடுந்தடாகத்துக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவு, நெடுந்தடாகம் ஒன்றை ஆண்டு முழுவதும் பராமரிப்பதற்கு ஆகும் செலவின் முன் ஒன்றுமில்லை.

வன்னியில் இத்தடாகத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. போரில் கால் இழந்தவர்களும், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும், உடலில் இன்னமும் உலோகத் துண்டுகளைச் சுமப்பவர்களும் எங்கள் ஒவ்வோர் ஊரிலும் வாழ்கிறார்கள். தரையில் ஊன்றுகோலின்றி நகர முடியாதவரின் பாரத்தை நீர் தாங்கும். மூட்டு நோகாமல் தசைக்கு வேலை கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளின் நீச்சல், உடல் நிலைக்கேற்ற வகுப்புகளாகப் பிரித்து நடத்தப்படும் முழுமையான போட்டி விளையாட்டு. ஆகையால் ஒரு பக்கத்தில் கைபிடியோடு, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், சக்கர நாற்காலி நீருக்குள் இறங்கக்கூடிய சாய்தளம் வரைபடத்தின் முதல் நாளிலேயே இருக்க வேண்டும். பின்னால் சேர்க்கலாம் என்று விட்டால் சேரவே சேராது. பயிற்சித் தடாகத்தின் ஆழம் குறைந்த முனை இதற்கும் பொருந்துகிறது. போட்டித் தடாகம் பொருந்தாது.

கட்டும் இடத்தைத் தெரிவதில் எமது மண்ணுக்கே உரிய கவனம் வேண்டும். நிலம் கண்ணிவெடி அகற்றப்பட்டதற்கான சான்றுடையதாக இருப்பது முதல் நிபந்தனை. இரண்டு மீற்றர் ஆழத்துக்கு 400 சதுர மீற்றர் தோண்டப் போகிறோம். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன என்பதை நாம் அறிவோம். எமது நிலத்தில் மண்வெட்டி வைப்பவர் எவராயினும், அப்படியொன்று வெளிப்பட்டால் வேலையை அந்தக் கணமே நிறுத்தி நீதிமன்றத்துக்கு அறிவிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வேலை தாமதமாகும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

நிலத்தடி நீரும் கவனிக்க வேண்டியது. மாரியில் எங்கள் கிணறுகள் தரைமட்டத்துக்குக் கிட்ட நிரம்பும். அந்த நேரத்தில் கழுவுவதற்கென்று தடாகத்தை வெறுமையாக்கினால், கீழிருந்து தள்ளும் நீர் வெற்றுத் தொட்டியையே மேலே தூக்கிப் பிளந்துவிடும். அடித்தரையில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைப்பதும், ஐப்பசி முதல் தை வரை தடாகத்தை வடிப்பதில்லை என்ற விதியும் வேண்டும். குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. சுண்ணாம்பு வடிகட்டியில் படியும். ஆகவே கூரைநீரைச் சேமிப்பதே நல்லது. ஆண்டு மழை 1,300 மில்லிமீற்றர் என்று கொண்டால், உடைமாற்றும் அறைகளினதும் நடைபாதையினதும் 300 சதுர மீற்றர் கூரையிலிருந்து, சிந்துவது போக மூன்று லட்சம் லீற்றர் சேரும். கோடையில் ஆவியாவதன் பெரும்பகுதியை இதனால் ஈடுசெய்யலாம். அதே கூரையில் 25 கிலோவாட் சோலார் தகடுகள் போட்டால் நாளுக்கு ஏறத்தாழ 100 அலகு வரும். 7 கிலோவாட் பம்பி பன்னிரண்டு மணித்தியாலம் ஓடத் தேவையானது 84 அலகு. வன்னி வெயில் தடாகத்துக்குச் செய்யும் கேட்டை இப்படியேனும் திருப்பிக் கொடுக்க வைக்கலாம். குளிர்நாடுகளில் தடாக நீரைச் சூடாக்கவே பெரும் பணம் போகிறது. எமக்கு அந்தச் செலவு அறவே இல்லை.

யாரிடம் ஒப்படைப்பது? பாடசாலைக்குள் கட்டினால் பிற ஊராருக்கு வாசல் மூடும். விடுமுறையில் நீர் பழுதாகும். கழகத்திடம் கொடுத்தால் நிர்வாகசபை மாறும்போதெல்லாம் திறப்பு யாரிடம் என்ற பிரச்சினை வரும். நிலம் பிரதேச சபையின் பெயரில் இருக்க, வலயக் கல்வி அலுவலகம், விளையாட்டு உத்தியோகத்தர், கழகங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கொண்ட முகாமைக் குழு நடத்துவதே நிலைக்கும் என்று எண்ணுகிறேன். பாடசாலைப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவே கூடாது. மாலைப் பயிற்சிக்கு வருகிற பெரியவர்களிடம் வாங்கலாம்.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடத்துக்கு மட்டும் கேட்காதீர்கள். கட்டுமானத்துக்குச் சேரும் ஒவ்வொரு நான்கு ரூபாய்க்கும் ஒரு ரூபாயை நிலையான வைப்பில் போட்டு, அதன் வட்டியிலிருந்து குளோரினுக்கும் பம்பி திருத்தத்துக்கும் சம்பளத்தின் ஒரு பங்குக்கும் எடுக்க வேண்டும். கல்வெட்டில் பெயர் பொறிப்பதானால் அந்த வைப்புக்குக் கொடுத்தவரின் பெயரை முதலில் பொறியுங்கள்.

அத்திவாரம் வெட்டுவதற்கு ஓர் ஆண்டு முன்னரே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. இந்த ஊர்களில் இருந்தே எட்டு இளைஞர்களை, அவர்களில் குறைந்தது நால்வர் பெண்களாக, தெரிந்தெடுத்து நீச்சல் கற்பித்தலிலும் உயிர்காப்பிலும் மூச்சூட்டும் முதலுதவியிலும் சான்றிதழ் பெற அனுப்ப வேண்டும். பயிற்சி முடிந்து வந்ததும் தற்காலிகப் படங்குத் தடாகத்தில் அவர்கள் முதல் வகுப்பைத் தொடங்கலாம். தடாகம் கட்டி முடிந்து அவர்கள் கையில் தேறும் பிள்ளைகளை, தை, மாசி மாதங்களில், துருசிலிருந்து நன்கு தள்ளி, முதலை நடமாட்டம் இல்லையென்று உறுதிசெய்த குளக்கரைக்கு அழைத்துச் சென்று, கலங்கல் நீரில் உடுப்போடு மிதப்பது எப்படி என்பதையும் அவர்களே கற்பிப்பார்கள். ஆசிரியர்களைத் தேடும் வேலை, வரைபடக்காரரைத் தேடும் வேலைக்கு முன்னர் தொடங்கட்டும்.